தங்கவயல் லைன்களில் பிள்ளைகளின் தெரு விளையாட்டு

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் பூமிக்கு அடியிலிருந்தே தங்கள் கணக்கைத் தொடங்கியுள்ளனர். சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கியது என்பர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்பர். சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்ததைப் பெருமையோடு குறிப்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும் அத்தங்கத்தை வெட்டியவர்களுக்கு வீடுகள் இருந்தன. அவ்வீடுகளின் முன்னே தெருக்கள் இருந்தன. அத்தெருக்களில் மாலை தோறும் பிள்ளைகள் ஆடினர். மூன்று நான்கு தலைமுறைகள் அவ்வாறு ஆடி வளர்ந்தன. அதைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதினார் இல்லை.

விளையாட்டைப் பற்றி எழுதுவது வரலாறு ஆகுமா என்று நம் இளைஞர்களில் சிலர் வினவக்கூடும். இங்கிலாந்து நாட்டில் ஐயோனா ஓபி, பீட்டர் ஓபி என்னும் கணவன் மனைவியர் பல்லாண்டுகள் முயன்று, தெருவிலும் திடலிலும் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களைத் திரட்டி 1969இல் ஒரு பெருநூலாக வெளியிட்டனர். அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே, 1916இல், நார்மன் டக்ளஸ் என்பவர் இலண்டன் தெரு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். 1938இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், பிள்ளைகள் விளையாடுவதற்கென்று சில தெருக்களில் வண்டிப் போக்கை நிறுத்திவைக்கச் சட்டமே செய்தது. ஆலைத் தொழிலாளரும் நிலக்கரித் தொழிலாளரும் வாழ்ந்த, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளின் தெருக்கள் அவை. அதே நாட்டுக் கம்பெனியொன்று, அதே எண்ணத்தில், மைசூர் நாட்டின் கிழக்கு ஓரத்தில் நம் மக்களுக்குக் கட்டிவைத்த வரிசைகளே தங்கவயல் லைன்கள். அங்குள்ள பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நூல் உண்டு, சட்டம் உண்டு. நம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முதியோரின் நினைவைத் தவிர வேறு ஏடு இல்லை. அந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

தங்கவயலுக்கு வந்தவர்கள் யார் என்பதை முதலில் கூறிவிட வேண்டும். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளின் சேரிகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணைக் கடனாலும் துரத்தப்பட்டு வந்த ஆதிதிராவிட மக்களே சுரங்கத்தின் அடியில் இறங்கியோரில் மிகப் பெரும்பாலோர். மேற்பார்வையில் ஆங்கிலேயரும் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தாரும் இத்தாலியரும் இருந்தனர். காவலுக்குப் பஞ்சாபியர் இருந்தனர். அடியில் பாறையை உடைத்தவர்கள் நம்மவர்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருபத்தையாயிரம் பேருக்கு மேல் அங்கு வேலை செய்தனர்.

அவர்கள் விட்டுவந்த ஊர்களில் தெரு என்பது என்னவாக இருந்தது? சேரிப் பிள்ளை ஊர்த்தெருவில் ஓட முடியாது. நடக்கவே தடையிருந்த இடத்தில் ஓடுவதெங்கே? பம்பரம் உருண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டால் அது போனதுதான். 1924ஆம் ஆண்டில்தான் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். தெருவில் நடப்பதற்கு ஒரு சட்டசபையின் தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது. தீர்மானம் ஏட்டில் ஏறியது; ஊர்களில் அது இறங்கிவர எத்தனை காலம் ஆயிற்று என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அத்தீர்மானம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் உரிகத்திலும் நம் பிள்ளைகள் நடுத்தெருவில் கில்லி ஆடிக்கொண்டிருந்தனர். விரட்ட ஒருவரும் இல்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் செய்தியின் வேர் இதுவே. லைன் வீடு சிறியது, புழுக்கமானது, கம்பெனிக்குச் சொந்தமானது. லைன் தெரு மட்டும் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

லைனின் அமைப்பைக் காணாதவர்க்குச் சிறிது விளக்க வேண்டும். முற்காலத்தில் மூங்கில் தட்டியும் தகரக் கூரையுமாக இருந்தவை அவை. "தட்டி வீடு" என்னும் பெயர் பின்னாளிலும் வழங்கியது. பிறகு கல்லும் செங்கல்லும் வந்தன. அளவு மட்டும் பெருகவில்லை. ஓர் அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே பாய், சில வீடுகளில் முன்பக்கம் சாய்ப்பாக ஒரு தடுப்பு. ஒரு சுவருக்கு இப்பக்கம் ஒரு குடும்பம், அப்பக்கம் ஒரு குடும்பம். ஒரு வரிசைக்கு எதிர் வரிசை. இடையில் மண் தெரு. கோடியில் குழாய், அதற்கும் அப்பால் பொதுக் கழிப்பிடம். வீட்டுக்குள் எட்டுப் பேர் நிற்கலாம், உட்கார முடியாது என்று என் பாட்டியார் கூறுவதுண்டு. ஆகவே விழித்திருக்கும் பிள்ளையின் இடம் தெருதான். தாய்மார்கள் "வெளியே போய் ஆடு" என்றது செல்லத்தால் அன்று, இடமின்மையால். சுரங்கத்தின் பொறிகளுக்கு 1902இல் வந்த மின்சாரம் இவ்வீடுகளுக்குள் நுழைய வெகுகாலம் ஆயிற்று என்பதால், இருட்டிய பின்னும் தெருவிளக்கின் அடியே பிள்ளைகளின் கூடம். பாடம் படிப்பவன் விளக்குக் கம்பத்தின் ஒரு பக்கம், கோலி ஆடுபவன் மறு பக்கம்.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அத்தகைய லைன் ஒன்றில் வளர்ந்தவன் என்னும் முறையில், என் நினைவையும் என் வயதையொத்தாரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்தே மேலே எழுதுகிறேன்.

விளையாட்டின் நேரத்தை வகுத்தது சூரியன் அன்று, சுரங்கத்தின் சங்கு. ஷிப்டு மாறும் போதெல்லாம் சங்கு ஊதும். காலைச் சங்குக்கு அப்பா போவார், பிற்பகல் சங்குக்கு அடுத்த வீட்டார் போவார், இரவுச் சங்குக்கு எதிர் வீட்டார் போவார். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்க வேண்டும். தகரக் கூரையின் கீழே, வெயிலில், ஒற்றை அறையில் அவர் உறங்குவதே ஒரு தவம். ஆதலால் லைன் பிள்ளைகளிடையே எழுதாச் சட்டம் ஒன்றிருந்தது. எந்த வீட்டில் நைட் ஷிப்டு ஆள் உறங்குகிறாரோ அந்த வீட்டுக்கு எதிரே ஆடலாகாது. வாரந்தோறும் ஷிப்டு மாறும். ஆட்டக்களமும் அதனோடு மாறும். இந்த வாரம் குழாயடி, அடுத்த வாரம் கழிப்பிடத்துக்குப் பின்புறம், அதற்கடுத்த வாரம் வேறொரு லைன். யார் வீட்டில் யார் எந்த ஷிப்டு என்பதை ஆறு வயதுப் பிள்ளை மனப்பாடமாகக் கூறும். ஒருமுறை தவறிப் பந்து கூரையில் விழுந்து, உறங்கியவர் எழுந்து வந்தாலும் பெரும்பாலும் அடிக்கமாட்டார்; வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அடித்திருந்தாலும் தாங்கியிருப்போம். உழைப்பவனின் உறக்கத்துக்கு மதிப்பளிக்க எந்தப் பள்ளியும் எங்களுக்குப் பாடம் நடத்தியதில்லை; நடத்தத் தேவையும் இருக்கவில்லை.

ஆட்டங்களைச் சொல்லப் புகுந்தால் பருவம் பருவமாகச் சொல்ல வேண்டும். கோலிக்கு ஒரு காலம், பம்பரத்துக்கு ஒரு காலம், காற்று எழும்பும் மாதங்களில் பட்டம். இன்றைக்குக் கோலி முடிந்து நாளைக்குப் பம்பரம் என்று யார் முடிவு செய்தார்கள் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் காலையில் எல்லா லைனிலும் எல்லாப் பையன்களின் கையிலும் சாட்டை இருக்கும். அவ்வளவுதான்.

கில்லியே ஆட்டங்களின் அரசு. சுள்ளியும் தடியும் இருந்தால் போதும். குழியின் குறுக்கே கில்லியை வைத்துத் தடியால் உந்தித் தள்ளி, எதிரணி பிடிக்காவிட்டால் அடித்து, விழுந்த தொலைவைத் தடியாலேயே அளப்பர். நூறு தடி, இருநூறு தடி என்று பிழையின்றி எண்ண வேண்டும்; எண்ணுபவனை எதிரணியான் உடன் நடந்து கண்காணிப்பான். பள்ளியில் நூறு வரை எண்ணத் திணறியவன் கில்லித் தடியோடு முந்நூறு எண்ணியதை நான் கண்டிருக்கிறேன். கணக்கு வராத பிள்ளை என்று ஆசிரியர் முத்திரை குத்திய பலருக்குக் கணக்கு வந்தது, வகுப்புத்தான் வரவில்லை. கோலியில் தோற்றவன் முட்டியைத் தரையில் பதித்துக் காட்ட வேண்டும். வென்றவன் கோலியால் அடிப்பான். இரத்தம் கசிந்தாலும் கையை இழுக்கலாகாது. சடுகுடுவுக்கு மணல் வேண்டும். லைனில் இருந்ததோ சரளை. ஆகவே எங்கள் தலைமுறை ஆடவரின் முழங்காலைப் பார்த்தாலே அவர் சடுகுடு ஆடியவரா இல்லையா என்று கூறிவிடலாம்.

தட்டைக் கற்கள் ஏழை அடுக்கிப் பந்தால் கலைத்து, எறிபடாமல் மீண்டும் அடுக்கும் ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டில் ஏழு கல் என்பர். நாங்கள் கன்னட நாட்டு வழக்கில் லகோரி என்றோம். ஒளிந்து பிடிக்கும் ஆட்டம் ஐஸ்பாய். ஆங்கிலத்தில் "உளவு பார்க்கிறேன்" என்னும் பொருளுடைய சொற்றொடர் அது. துரைமார் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து வந்ததோ, வேறு எவ்வழி வந்ததோ, நாங்கள் அதைத் தமிழாகவே ஆடினோம். ஒரே ஆட்டத்துக்குள் தமிழில் திட்டி, தெலுங்கில் கெஞ்சி, கன்னடத்தில் எண்ணி, உருதுவில் சூளுரைத்து, ஆங்கிலத்தில் அவுட் சொல்லும் ஆற்றல் லைன் பிள்ளைக்கு உண்டு. பிற்காலத்தில் பெங்களூர் சென்று பிழைத்தவர்களுக்கு இதுவே கைம்முதலாயிற்று.

ஆடுபொருள்களுக்குச் சுரங்கமே கடை. தேய்ந்த பேரிங் கிடைத்தால் அதைப் பலகையில் பூட்டி வண்டியாக்கிச் சரிவில் விடுவோம். அதிலிருந்து உதிர்ந்த எஃகுக் குண்டு கிடைத்தவன் கோலி ஆட்டத்தில் மன்னன். அதனால் அதைப் பல லைன்களில் தடையும் செய்திருந்தனர். விளக்குக்கு ஊற்றும் கார்பைடின் துண்டு ஒன்றைத் தகர டப்பாவில் இட்டு, எச்சில் உமிழ்ந்து, மூடியை அழுத்தி, அடியிலுள்ள துளையில் தீக்குச்சி காட்டினால் வெடிச் சத்தத்தோடு மூடி கூரைக்கு மேலே பறக்கும். தீபாவளிக்குப் பட்டாசு வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அது போதும். புருவம் கருகியோர் உண்டு. அதற்கு மேலும் இழந்தோர் உண்டு.

சுரங்கத்தையே ஆடுவதும் ஒரு விளையாட்டு. மேட்டின் ஓரத்தில் குழி தோண்டி, கயிற்றில் டப்பாவைக் கட்டி இறக்குவர், அது கேஜ். ஒருவன் இரும்புத் துண்டைத் தட்டி மணி அடிப்பான். மணிக்கணக்குத் தவறினால் கேஜ் நகராது. ஒருவன் மேஸ்திரி, ஒருவன் துரை. இது வரை பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பர். இதன் தொடர்ச்சியாக வேறொன்றும் உண்டு. ஒருவன் குழியருகே விழுந்து கிடப்பான். நால்வர் கோணிச்சாக்கில் அவனைத் தூக்கி ஓடுவர். பெண்பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டு பின்னே வருவர். அதைக் கண்டால் எந்த வீட்டுத் தாயானாலும் விறகை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். சொந்தப் பிள்ளை, அயல் பிள்ளை என்று பாராமல் அடி விழும். ஏன் அடிக்கிறார்கள் என்று அப்போது தெரியவில்லை. அவ்வாறு ஆடிய சிறுவர்களுள் சிலர் பின்னாளில் உண்மையிலேயே அவ்வாறு தூக்கிவரப்பட்டனர்.

பெண்பிள்ளைகளின் விளையாட்டைத் தனியே எழுத வேண்டும். ஏனெனில் அவர்களுக்கு நேரம் தனியே ஒதுக்கப்படவில்லை. ஆண்பிள்ளை ஆடுவதற்காகத் தெருவுக்குப் போவான். பெண்பிள்ளை தண்ணீருக்காகப் போவாள். போன இடத்தில் ஆடுவாள். குழாயில் தண்ணீர் வரும் வரை குடங்கள் வரிசையில் நிற்க, குடத்துக்கு உரியவர்கள் கரிக்கட்டியால் கட்டம் கீறிப் பாண்டி ஆடுவர். உடைந்த ஓட்டுத்துண்டே சில்லு. இடுப்பில் தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டே ஒற்றைக் காலில் எட்டுக் கட்டமும் தாண்டுவர். குழந்தையும் அழாது, கோட்டையும் மிதிக்கமாட்டார்கள். இன்று ஒலிம்பிக்கில் பரிசு பெறும் வித்தைகளைத் தொலைக்காட்சியில் காணும்போது எனக்கு அந்தக் குழாயடி நினைவுக்கு வருவதுண்டு. கல்லாங்காயும் பல்லாங்குழியும் வாசற்படியில் நடந்தன. வாசற்கல்லிலேயே குழி வெட்டிய வீடுகளும் இருந்தன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதானால் ஒரு நாளில் அவள் தெருவிலிருந்து மறைந்துவிடுவாள். யாரும் அறிவிப்பதில்லை, அணி பிரிக்கும்போது அவள் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுவோம். அவளுடைய பள்ளிப் படிப்பும் பெரும்பாலும் அதே வாரத்தில் நின்றுபோயிற்று. ஊரார் தடுத்த தெருவைப் பற்றிச் சினந்து பேசும் நாம், நாமே நம் பெண்மக்களுக்கு அடைத்த தெருவைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

லைன் தெருவில் எல்லாம் இன்பமாகவே இருந்தது என்று எண்ணிவிடலாகாது. தெரு முடியும் இடத்தில் வேலி தொடங்கியது. அப்பால் பங்களாக்கள், தோட்டங்கள், கிளப்பு, கோல்ப் ஆடும் பசும்புல்வெளி. "சின்ன இங்கிலாந்து" என்று அப்பகுதியைச் சிறப்பித்தனர். நூற்றுக்கணக்கான ஏக்கரில் நான்கு பேர் ஒரு சிறு பந்தை அடித்துக்கொண்டு நடப்பதை வேலிக்கு வெளியே நின்று கண்டிருக்கிறோம். இங்கே ஒரு தெருவில் அறுபது பிள்ளைகள். தங்கக் கல்லைக் கடத்திவைத்திருப்பதாகக் கூறி லைன்களில் சோதனைகள் நடப்பதுண்டு; அடுப்பையும் தோண்டிப் பார்ப்பர். காவற்காரர் வருவதைத் தெருமுனையில் ஆடும் பிள்ளைகளே முதலில் காண்பர் என்றும், அப்போது ஆட்டத்தின் கூச்சல் திடீரென ஒரு விதமாக மாறும் என்றும் முதியோர் கூறுவர். எங்கள் காலத்தில் அது கதையாகவே எஞ்சியிருந்தது.

சாதியும் லைனை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. இன்னார் லைன், இன்னார் பக்கம் என்னும் பிரிவு தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் அடுத்த லைனில்தான் அழைக்க வேண்டும். பந்து வைத்திருப்பவன் எந்தச் சாதியாயினும் அவன்தான் தலைவன். கால்பந்திலும் ஹாக்கியிலும் தங்கவயல் பெயர் பெற்றதற்கு, துணிப்பந்தைக் கல் நிறைந்த தெருவில் உதைத்துப் பழகிய கால்களே காரணம் என்று நான் கருதுகிறேன். அத்தெருவில் பந்தைக் காலோடு வைத்திருக்கத் தெரிந்தவனுக்குப் புல்தரை ஒரு பொருட்டன்று.

பிள்ளைகள் ஆடிய அதே தெருவில்தான் பெரியவர்கள் கூடினர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. பண்டிதர் 1914இல் மறைந்து, அவருடைய "தமிழன்" இதழ் நின்றுபோன பின், அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்தே அச்சிட்டுப் பரப்பியது. சொற்பொழிவுக்கு மேடை வேண்டுமெனில் லைன் தெருவில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்ப்பர். முன்வரிசையில் உட்காருவோர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்த பிள்ளைகள். பொருள் விளங்காவிட்டாலும் சொல் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து, குற்றவாளிகளைப் போல் நடத்தப்பட ஒப்போம் என்று மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தபோதும், 1946 நவம்பர் 4ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிரிழந்தபோதும் செய்தி ஓடியது இத்தெருக்களின் வழியேதான். எங்கள் காலத்தில், அணி பிரிக்கும்போது ஓர் அணிக்குச் "சங்கம்" என்றும் மற்றதற்குக் "கம்பெனி" என்றும் பெயரிடுவோம். கம்பெனி அணியில் சேர ஒருவனும் முன்வரமாட்டான்; சீட்டுப் போட்டே தீர்க்க வேண்டும். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்று, 1962இல் மத்திய அரசின் கைக்கு அவை மாறிய பின்னும் அந்தப் பெயர்கள் மாறவில்லை.

இனிச் சயனைடு மேட்டைப் பற்றி. பாறையை மாவாக அரைத்துச் சயனைடு நீரால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த குன்றுகள் அவை. மூன்று கோடி டன்னுக்கு மேல் இன்றும் அங்கே குவிந்துள்ளது. வெளியூரார் அதைக் கண்டு வியப்பர். எங்களுக்கு அது சறுக்கு மரம். பழைய தகரத்தின் மேல் உட்கார்ந்து உச்சியிலிருந்து சறுக்கினால் வயிறு வாய்க்கு வந்து திரும்பும். மழை நாளில் அது சேறு. காற்றுக் காலத்தில் லைன் முழுவதும் அதன் மாவு. சோற்றில், பாயில், கண்ணிமையில் அதுவே. பெரியவர்கள் எச்சரித்தனர், ஆனால் மேடு லைனின் கொல்லையிலேயே இருந்தது. வேலி போட்டுக் காக்கப்பட்டது புல்வெளிதான். நச்சு மண்ணுக்கு வேலி இல்லை. சுரங்கத் தூசியால் தந்தையின் நுரையீரல் அடைபட்டு இருமும் ஓசை வீட்டுக்குள். மகன் மேட்டிலிருந்து சறுக்கி எழுப்பும் தூசி வெளியே. 2018இல் வெளிவந்து நாடெங்கும் ஓடிய "கே.ஜி.எஃப்." திரைப்படத்தின் காட்சிகள் அம்மேட்டில் எடுக்கப்பட்டன. படத்தைப் பார்த்த என் பேரன், அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டான். சறுக்கினோம் என்றேன். நம்பவில்லை.

ஏர் பிளாஸ்ட் என்பதையும் தங்கவயலான் மறக்கமாட்டான். ஆழத்தில் பாறை அழுத்தம் தாளாமல் வெடித்துச் சிதறும். மேலே தெரு குலுங்கும். அடுக்கிய லகோரிக் கற்கள் தாமே சரியும். கூரைத் தகரம் கிலுகிலுக்கும். ஆட்டம் அப்படியே நின்றுவிடும். யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். எந்த ஷிப்டு உள்ளே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே யார் யாருடைய தந்தை அடியில் இருக்கிறார் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளைகள் மட்டும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஷாப்டை நோக்கி ஓடுவர். மற்றவர் பின்தொடர்வர். பெரும்பாலான நாள்களில் ஒன்றும் நேர்ந்திருக்காது. திரும்பிவந்து அதே இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவோம், யார் அவுட் என்ற வழக்கோடு. சில நாள்களில் தொடங்கமாட்டோம். சாவு விழுந்த லைனில் பதினாறு நாள் விளையாட்டு இல்லை. அதன் பின் அவ்வீட்டு மூத்த பையன் தெருவுக்கு வந்தாலும் வாசலில் நின்று பார்ப்பானே தவிர இறங்கி ஆடமாட்டான். வேலைக்குப் பெயர் கொடுத்திருப்பான்.

1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயர் மாறியது. தங்கம் குறைந்தது, செலவு ஏறியது, ஆள் குறைப்பு வந்தது. 2001இல் சங்கு நின்றபோது மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலே லைனின் சங்காயிற்று. ஆணும் பெண்ணும் பெங்களூருக்குக் கூலிக்கும், காவலுக்கும், துப்புரவுக்கும், துணிக்கடைக்கும், கணிப்பொறி அலுவலகத்துக்கும் போய் இரவில் திரும்புகின்றனர். கல்வி பெற்றவர்கள் உயர்ந்த வேலைகளுக்கும் சென்றுள்ளனர். அவர்களில் பலர் தெருவிளக்கின் கீழ் படித்த தலைமுறையின் மக்களே.

சென்ற ஆண்டு நான் வளர்ந்த லைனுக்குச் சென்றிருந்தேன். சில வீடுகள் இடிந்துள்ளன. சிலவற்றில் முன்பக்கத்தை நீட்டி அறை கட்டியதால் தெருவின் அகலம் பாதியாகியுள்ளது. நின்றிருந்த மோட்டார் சைக்கிள்களின் இடையே ஐந்தாறு சிறுவர் பிளாஸ்டிக் மட்டையோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு வீட்டை நெருங்கியதும் பந்தை உருட்டி மட்டும் போட்டார்கள். ஏன் என்று கேட்டேன். பெங்களூரில் ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு வந்து அந்த வீட்டு மாமா தூங்குகிறார் என்றான் ஒருவன். எதிர் வரிசையில் ஒரு வாசற்கல்லில் பல்லாங்குழியின் பதினான்கு குழிகள் இன்னும் இருக்கின்றன. அவ்வீட்டு அம்மையார், குடியிருக்கும் வீட்டைத் தம் பெயருக்கு எழுதித் தரக் கேட்டு எத்தனை முறை மனுக் கொடுத்தார் என்பதை எனக்கு விவரமாகக் கூறினார். நகல்களையும் எடுத்துவந்து காட்டினார்.